கல்லூரி விண்ணப்பத்துக்குச் சுயகட்டுரை: எங்களிடம் எழுத என்ன இருக்கிறது?

அக்டோபர் 9, 2025 (கேள்வி)

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறேன். மகள் அரசு மாதிரிப் பள்ளியில் பிளஸ் டூ. டீச்சர் சொன்னதன் பேரில் இரண்டு தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுகிறாள். மார்க் ஷீட், வருமானச் சான்று எல்லாம் தயார். கடைசியில் உன்னைப் பற்றி 650 வார்த்தை எழுது என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்து நாளாக ஒரு வரி நகரவில்லை. எங்களைப் போன்றவர்களிடம் எழுத என்ன இருக்கிறது? காசு கொடுத்தால் எழுதித் தருவார்களாம், எவ்வளவு ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 9, இரவு 10.50

அண்ணா, நான் பாலக்கோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்து 14 வருஷம் ஆகிறது. மே, ஜூன் வந்தால் காலை எட்டு மணியிலிருந்து பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பம்தான். அந்த வேலை கண்ணை மூடிக்கொண்டு வரும். கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200க்குக் கட் ஆஃப். ஜாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஓடிபி, முடிந்தது. நம் பிள்ளைகள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு இடத்திலும் கேட்கமாட்டார்கள். அதனால் இப்படி ஒரு கட்டம் வந்து நின்றால் பிள்ளை திகைக்கத்தான் செய்யும். உங்கள் மகள்மேல் குறை இல்லை.

எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நானே ஒரு பையனுக்கு எழுதிக் கொடுத்தவன், அதனால்தான் சொல்கிறேன். அதை நாளைக்கு எழுதுகிறேன், கடை மூட வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று. உங்கள் வீட்டில் பட்ட கஷ்டத்தை எழுதச் சொல்லுங்கள். டெம்போ, கடன், தண்ணீர் பிரச்சினை. அதுதான் படிப்பவர் மனதைத் தொடும்.

அக்டோபர் 10, மதியம்

நேற்று சொன்ன கதை. மூன்று வருஷத்துக்கு முன் நம்ம பக்கத்துப் பையன் ஒருவன், நல்ல மார்க், ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போட்டான். கட்டுரைக்கு மறுநாள் கடைசி நாள். அவன் அம்மா கடை வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். மனசு கேட்கவில்லை. இராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து நானே எழுதினேன். தாத்தாவின் டிரான்சிஸ்டர், அதில் செய்தி கேட்டு வளர்ந்த பேரன், அதனால் உலகத்தை அறியும் ஆசை, இப்படிப் போனது. படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. அந்த டிரான்சிஸ்டர் என் தாத்தாவுடையது.

நேர்முகத்தில் ஒரு அம்மா அவனிடம் அன்பாகக் கேட்டாராம்: உங்கள் தாத்தா எந்த ஸ்டேஷன் கேட்பார்? அவ்வளவுதான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் தாத்தா அவன் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். பையன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். வெளியே வந்து எனக்குப் போன் பண்ணி, "அண்ணா, எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இடம் கிடைக்கவில்லை. இப்போது தருமபுரியில் பி.எஸ்சி. முடித்து வேலையில் இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. நான் செய்தது பெரிய தவறு. அவனுடைய வாயை நான் வாங்கிக்கொண்டேன்.

அவன் அப்பாவுக்குப் பாப்பாரப்பட்டியில் சைக்கிள் கடை. பத்து வயதிலிருந்து பஞ்சர் ஒட்டியவன். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஆணியா, முள்ளா, வால்வா என்று சொல்லிவிடுவான். அதை எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது அன்றைக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அக்டோபர் 10, இரவு

தனிச் செய்தியில் ஒருவர் கேட்டார், இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, அதனிடம் கொடுத்தால் என்ன? அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் ஒரே விண்ணப்பமாகப் போகும் காமன் ஆப் படிவத்தில், ஏஐ எழுதித் தந்ததைத் தன்னுடையது என்று கொடுப்பதை மோசடிக் கணக்கில் 2023லேயே சேர்த்துவிட்டார்கள். சரி, விதியை விடுங்கள். இங்கிலாந்தில் 2007இல் அவர்களுடைய பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் 50,000 சுயகட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அதில் 234 பிள்ளைகள், எட்டு வயதில் கெமிஸ்ட்ரி செட் வைத்து விளையாடி பைஜாமாவில் ஓட்டை விழுந்த கதையை எழுதியிருந்தார்கள். மாதிரிக்கென்று இருந்த ஒரே கட்டுரையைப் பார்த்து எல்லோரும் எடுத்தது. 234 பைஜாமா! அதில் ஒரு பிள்ளைக்காவது உண்மையாகவே ஓட்டை விழுந்திருக்கும், அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டதோ என்றுதான் எனக்கு யோசனை.

இரவல் சட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனால் கை தூக்கும்போதெல்லாம் பயம்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

முதல் நாள் நான் கடைசியாக எழுதியதை, கஷ்டத்தை எழுதச் சொல்லுங்கள் என்றதை, திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

என் அக்கா மகள், பென்னாகரம் பக்கம், போன வருஷம் இதே கட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்தாள். நான் உங்களுக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொன்னேன். அவள் அப்பா போர் போட்டுத் தண்ணீர் வராமல் கடன் பட்டவர், மறுபடி போட்டு மறுபடி கடன். "அதை எழுது பாப்பா, படிக்கிறவன் அழுதுடுவான்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அது அப்பாவோட கடன் மாமா. என்னோடது இல்லையே. அதை வெச்சு நான் சீட் கேக்கறதா?"

எனக்குச் சுருக்கென்றது. 17 வயசுப் பிள்ளை சொல்கிறது.

கஷ்டத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் நடந்த இடத்தில் இந்தப் பிள்ளை என்ன பார்த்தது, என்ன செய்தது, என்ன யோசித்தது, அது இருந்தால் எழுதலாம். வெறும் கஷ்டம் மட்டும் என்றால் அது வருமானச் சான்றில் தாசில்தார் கையெழுத்தோடு ஏற்கெனவே இருக்கிறது. காமன் ஆப்பில் அதற்கென்றே தனியாக 250 வார்த்தைக்கு ஒரு கட்டமும் உண்டு. வீட்டு நிலைமை, படிப்புக்கு வந்த இடைஞ்சல் எல்லாம் அங்கே நேராக எழுதிவிடலாம். 650 வார்த்தையைப் பிள்ளைக்கு விடுங்கள்.

அக்டோபர் 12, சற்று நேரம் கழித்து

அளவு பற்றிக் கேட்டீர்கள். காமன் ஆப் கட்டுரை குறைந்தது 250, அதிகபட்சம் 650 வார்த்தை. ஏழு தலைப்பு இருக்கும், ஒன்றை எடுத்தால் போதும், ஏழாவது உன் விருப்பம் என்பது. இங்கிலாந்து வேறு மாதிரி. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்வி: இந்தப் படிப்பு ஏன், படித்த படிப்பு இதற்கு உன்னை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து, ஒவ்வொன்றும் குறைந்தது 350 எழுத்து. அவர்களுக்குப் பாட்டி கதை வேண்டாம், பாடத்தின்மேல் இருக்கும் ஆர்வம்தான் வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு ஒட்டாதீர்கள்.

அக்டோபர் 15

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். மார்க்தான் நியாயம், ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே தாளில் எழுதுகிறார்கள், இந்தக் கட்டுரை எல்லாம் இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த வாசல் என்கிறார். அவர் கோபத்தை நான் தள்ளமாட்டேன். தமிழ்நாட்டில் 1984இல் வந்த நுழைவுத் தேர்வு, கோச்சிங் போக வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்றுதான் சட்டம் போட்டு 2007 சேர்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது. என் தம்பி அதற்கு முந்தின ஆண்டுகளில் அந்தத் தேர்வு எழுதினவன், சேலம் போய் கோச்சிங் படிக்கப் பணமில்லை. எனக்குத் தெரியும் அந்த வலி.

அமெரிக்காவிலும் இந்தக் கட்டுரை, குணநலன், குடும்பம் பற்றிய கேள்வி எல்லாம் சுத்தமான எண்ணத்தோடு மட்டும் வந்தவை அல்ல. 1920களில் பெரிய பல்கலைக்கழகங்களில் மார்க்கை மட்டும் பார்த்தால் யூதப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்துவிடுகிறார்கள் என்று, அவர்களைக் குறைப்பதற்காகவும் மார்க் தவிர மற்றதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் சந்தேகப்படுவது நியாயமே.

ஆனால் அண்ணாவின் மகளுக்கு முன்னால் இன்றைக்கு இருப்பது அந்தக் கட்டம். வாசல் யாருக்காக வைத்ததாக இருந்தாலும் அவள் உள்ளே போகட்டும் என்றுதான் எனக்கு ஆசை.

அக்டோபர் 17

கடையில் கூட்டம், தீபாவளி பஸ் டிக்கெட். பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊர் வந்து திரும்பிப்போக இன்றைக்கே போடுகிறார்கள். அப்புறம் வருகிறேன்.

அக்டோபர் 22

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவள் கடைசியில் எதை எழுதினாள் தெரியுமா, புளி.

நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தை பிறந்தால் சித்திரை வரை புளி வேலை. காயவைத்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இவள் பாட்டி அதில் கைதேர்ந்தவள். இவளும் லீவு நாளில் உட்காருவாள். விரல் நுனியில் வெட்டு இருந்தால் புளி பட்டதும் உயிர் போகும், அதனால் கட்டை விரலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். எரிவது எதனால் என்று இவள் பிளஸ் ஒன்னில் வேதியியல் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள். டார்டாரிக் அமிலம் என்றார்களாம். வேதியியல் புத்தகத்தில் இருப்பது தன் விரலில் எரிகிறது என்பது அவளுக்கு அன்றைக்குப் பெரிய ஆச்சரியம்.

அப்புறம் இன்னொரு கேள்வி. புதுப் புளி செம்பழுப்பாக இருக்கிறது, வருஷம் போனால் கறுக்கிறது, ஏன்? பாட்டியிடம் கேட்டால், "ஆளு வெயில்ல கறுப்பான், புளி இருட்டுல கறுக்கும்" என்றாள். இவள் புதுப் புளியை மூன்று பங்கு வைத்தாள். ஒன்று உப்புப் போட்டு மண்பானையில். ஒன்று சில்வர் டப்பாவில், அடுப்படி அலமாரியில். மூன்றாவதை தெரிந்தவர் ஒருவர் புளி வைத்திருக்கும் குளிர்பதனக் கிடங்கில் கெஞ்சி ஒரு மூட்டை மேல் வைத்தாள். மாதம் ஒருமுறை வெள்ளைத் தட்டில் மூன்றையும் வைத்துப் போட்டோ. எட்டு மாதம். குளிரில் இருந்தது ஏறக்குறைய அப்படியே இருந்தது, அடுப்படி டப்பா கறுத்துவிட்டது. பானையில் இருந்தது மேலே கறுப்பு, உள்ளே பிட்டால் சிவப்பு. சூடும் காற்றும் காரணம் என்று இவள் புரிந்துகொண்டாள். ஆனால் டப்பா அடுப்படியிலும் பானை திண்ணையிலும் இருந்ததால், வித்தியாசம் உப்பாலா இடத்தாலா என்று சொல்ல முடியாது, நான் செய்த சோதனையில் இது ஒரு ஓட்டை என்று அதையும் கட்டுரையில் எழுதினாள். பாட்டி சொன்ன இருட்டைத் தனியாகச் சோதிக்கவே இல்லை, அடுத்த தையில் செய்யப் போகிறேன் என்று முடித்தாள்.

அண்ணா, அதில் ஏழை என்ற வார்த்தை இல்லை. கூலி எவ்வளவு என்று ஒரு வரி வரும், துணி சுற்றின விரல் வரும். படிக்கிறவர் மிச்சத்தைத் தெரிந்துகொள்வார். அவள் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டணச் சலுகையோடு வேதியியல் படிக்கிறாள். கட்டுரையால் மட்டும் கிடைத்தது என்று சொல்லமாட்டேன், மார்க்கும் இருந்தது. நேர்முகத்தில் அரை மணி நேரம் புளியைப் பற்றியே பேசினார்களாம். "எந்த ஸ்டேஷன்" மாதிரி எத்தனை கேள்வி கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது.

அக்டோபர் 22, இரவு

ஒரு திருத்தம். மேலே எட்டு மாதம் என்று எழுதினேன், மருமகள் படித்துவிட்டு ஏழு என்கிறாள், ஒரு மாதம் காய்ச்சலில் போட்டோ எடுக்கவில்லையாம். கட்டுரையிலும் ஏழு என்றுதான் எழுதியிருந்தாளாம். அவள் ஒழுங்கு எனக்கு வரவில்லை.

அக்டோபர் 26

உங்கள் மகள் எழுதி அனுப்பிய முதல் பிரதியைப் படித்தேன். நேராகச் சொல்கிறேன், வருத்தப்படக் கூடாது. அது பள்ளிக்கூடக் கட்டுரை. குறிப்புச்சட்டகம், முன்னுரை, பொருளுரை, முடிவுரை, கடைசியில் நாட்டுக்குச் சேவை. நம் பிள்ளைகள் பத்து வருஷமாக "என் வாழ்வின் இலட்சியம்" எழுதியே மார்க் வாங்கினவர்கள். அதில் நான் என்ற சொல் முப்பது தடவை வரும், ஆனால் அந்த நான் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், பெயரை மாற்றினால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் பொருந்தும். உங்கள் மகள் கட்டுரையில் காரிமங்கலம் இல்லை, டெம்போ இல்லை, நீங்கள் இல்லை.

இரண்டாவது பத்தியில் ஒரே ஒரு வரி மட்டும் எனக்குப் பிடித்தது. இரவில் அப்பாவின் கணக்கை நான் எழுதுவேன் என்கிறாள். அங்கே நிறுத்திவிட்டு உடனே அப்துல் கலாமுக்குப் போய்விட்டாள். அந்த வரிக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். என்ன நோட்டு, எத்தனை மணிக்கு, நீங்கள் என்ன சொல்வீர்கள், அவள் என்ன எழுதுவாள்.

அக்டோபர் 28

"தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதுவது நம் பழக்கம் இல்லை, பிள்ளை கூச்சப்படுகிறாள்" என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு நாளாக இதையே யோசித்தேன். என் தமிழாசிரியர் ஒருவர், இப்போது ஓய்வு பெற்று அரூரில் இருக்கிறார், அவரிடம் போனில் கேட்டேன். அவர் உடனே நன்னூலைச் சொன்னார். யாரும் செய்யாததைச் செய்து பல துறையை முடித்தவனாக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதி இல்லை என்று சொல்லும் சூத்திரத்துக்கு அடுத்ததே, நான்கு இடத்தில் மட்டும் புகழ்ந்துகொள்ளலாம் என்கிறதாம். மன்னன் அவைக்கு ஓலை அனுப்பும்போது. தன் ஆற்றல் தெரியாதவர்கள் நடுவே. பெரிய சபையில் வாதிட்டு வெல்லும்போது. எதிராளி தன்னைப் பழித்தபோது.

முதல் இரண்டையும் பாருங்கள் அண்ணா. அவைக்கு ஓலை, ஆற்றல் தெரியாதவர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல், உங்கள் மகள் விண்ணப்பத்துக்கே எழுதினது மாதிரி இருக்கிறது. சார் இதைச் சொன்னதும் நான் கடையில் எழுந்து நின்றுவிட்டேன். இதை அவளிடம் காட்டுங்கள், கூச்சம் கொஞ்சம் விடும்.

நம் ஊர் பாரதக் கூத்திலும் இதே பழக்கம் உண்டு. வேஷக்காரர் நேராக வந்து ஆடமாட்டார். திரைக்குப் பின்னால் நின்று, கிரீடம் கொஞ்சம் தெரியும், கால் சலங்கை தெரியும், கட்டியக்காரன் நீர் யார் என்று கேட்பான், அப்புறம் இன்ன நாட்டு இன்ன ராஜன் வந்தேன் என்று தானே பாடிக்கொண்டு வருவார். சின்ன வயதில் எனக்குக் கதையைவிட அந்தத் திரை விலகும் நேரம்தான் பிடிக்கும். அதுவரை அரிதாரம் பூசின கை மட்டும் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அக்டோபர் 31

ஊத்தங்கரையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: போன டிசம்பர் வெள்ளத்தை எழுதலாமா, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்கிறார் டீச்சர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, வண்டிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன வீடியோவை நாடே பார்த்தது. அது எல்லோருக்கும் தெரிந்த வெள்ளம். நீங்கள் அனுப்பிய செய்தியின் கடைசியில், நனைந்துபோன தம்பியின் நோட்டை ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன், நீல மை போய்விட்டது, பென்சிலில் எழுதினது மட்டும் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது உங்களுக்கு மட்டும் தெரிந்த வெள்ளம். அதை எழுதுங்கள்.

நவம்பர் 3

பல்லைப் பற்றி எழுதின தம்பிக்கு. தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வந்த சங்கடம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து என்பது கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்தது, அதற்கு முன்னால் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் பழுப்புக் கோடு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. உங்கள் கட்டுரையின் முதல் பத்தி பத்திரிகைச் செய்தி மாதிரி இருந்ததால், போட்டோவுக்கு முதல் தடவை வாயை மூடிக்கொண்டது எப்போது என்று கேட்டேன். நீங்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

கேட்டது சரியா என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. ஆறாத புண்ணைக் கிளறி எழுத வைக்க எனக்கு உரிமை இல்லை. யாரோ ஒரு அதிகாரி படிப்பதற்காக எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் தம்பி. பல் எழுதாமல், தண்ணீர் பரிசோதனைக் கிட் வைத்து தெருத் தெருவாகப் பார்த்ததாகச் சொன்னீர்களே, அது போதும், அதுவே நிறைய.

நவம்பர் 9

மொழி. தேன்கனிக்கோட்டைப் பிள்ளை ஒருத்தி, வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கட்டுரை இங்கிலீஷ். எதில் யோசிக்க என்று கேட்கிறாள். எதில் சண்டை போடுவாயோ அதில் யோசி என்றேன். என் மருமகள் செய்தது இதுதான்: போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி, பாட்டிக்குச் சொல்வது மாதிரி தமிழில் பேசினாள், பத்து நிமிஷம். அதைக் கேட்டுக் கேட்டு எளிய இங்கிலீஷில் எழுதினாள். டீச்சர் இலக்கணம் மட்டும் திருத்தினார். பெரிய பெரிய வார்த்தை போட்டு ஒருவர் திருத்தித் தந்ததை அவள் வாங்கவே இல்லை, அது நான் பேசுகிற மாதிரி இல்லை என்றாள். நார், கொட்டை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் தேடித் தவித்து, கடைசியில் புளி என்ற சொல்லை மட்டும் அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் போட்டு ஒரு தடவை விளக்கிவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

டிசம்பர் 6

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தருமபுரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இருந்தேன். இப்போது தேவலாம்.

அண்ணா, போன வாரம் உங்கள் மகள் கடைக்கு வந்திருந்தாள். மூன்றாவது பிரதி. கணக்கு நோட்டைக் கையோடு கொண்டுவந்தாள், பழைய எல்ஐசி டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் பெட்டி எண்ணிக்கை, விலை, கமிஷன், இறக்குக் கூலி, டீசல். இடது பக்கம் நீலம், வலது பக்கம் ஓரத்தில் பென்சிலில் சின்னதாக இன்னொரு எண். அது என்ன என்று கேட்டேன், சொன்னாள். இங்கே எழுதமாட்டேன். அது உங்கள் வீட்டு விஷயம், அவள் உங்களிடம் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பா வேண்டாம் என்றால் அனுப்பமாட்டேன் என்றும் சொன்னாள். படிக்கும்போது குறுக்கே பேசாமல் கடைசி வரை கேளுங்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

எழுத என்ன இருக்கிறது என்று அக்டோபரில் கேட்டீர்கள். ராயக்கோட்டை மண்டியில் விலை விழுந்த வாரத்தில் நீங்கள் வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள் என்பது அந்த நோட்டில் தேதியோடு இருக்கிறது அண்ணா.

டிசம்பர் 7, அதிகாலை

உங்கள் செய்தி இப்போதுதான் பார்த்தேன், இரவு இரண்டு மணிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், வேறு ஒன்றும் எழுதவில்லை. சரி.

டிசம்பர் 29

கடைசி நாள் ஜனவரி 1 என்று போட்டிருந்தால், காமன் ஆப்பில் அது நம் இந்திய நேரப்படி இரவு 11.59 வரை, அமெரிக்க நேரத்தைக் கூட்டிக் கழிக்க வேண்டாம். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள், கடைசி இரவில் நெட் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 30ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவளை அனுப்புங்கள். 638 வார்த்தை இருக்கிறது, கட்டத்தில் ஒட்டியதும் பத்தி இடைவெளி சில சமயம் கலைந்துவிடும், முன்னோட்டத்தில் ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். நான் டைப் பண்ணமாட்டேன், மவுஸைத் தொடமாட்டேன், அவள்தான் அழுத்துவாள். மூன்றாம் நம்பர் சிஸ்டத்தை அவளுக்கு ஒதுக்கி வைக்கிறேன், அதில்தான் கீபோர்டு புதுசு. டைரியையும் கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்றாள்.